பெயர் பெற்ற நாய்கள்: ஆதகூர்க் கல்லும் கங்கநாட்டு வேட்டை மரபும்

மைசூர் நகரின் வடமேற்கு விளிம்பில், ஏரியும் தொழிற்பேட்டையும் கணினி நிறுவன வளாகங்களும் அடுத்தடுத்து அமைந்த ஹெப்பாள், காவிரிக்கரைத் தலைக்காட்டிலிருந்து ஆண்ட மேலைக் கங்கர்களின் நாடாகிய கங்கவாடிக்குள் ஒருகாலத்தில் அடங்கியிருந்தது. அந்நாட்டின் வேட்டைக்காரர்களும் மேய்ப்பர்களும் தங்கள் நாய்களோடு கொண்டிருந்த உறவைப் பற்றி எழுத்துச் சான்றுகள் மிகுதியாக இல்லை. ஆனால் கிடைத்திருப்பவற்றுள் ஒன்று, தென்னிந்திய வரலாற்றிலேயே ஒரு நாய்க்குக் கிடைத்த மிக விரிவான ஆவணம் என்று கூறத்தக்கது. ஹெப்பாளிலிருந்து பெங்களூரு செல்லும் வழியில் மண்டியா மாவட்டத்து மத்தூர் வட்டத்தைச் சேர்ந்த ஆதகூரில் எடுக்கப்பட்ட அந்தக் கல், காளி என்னும் வேட்டை நாயின் நினைவாக நடப்பட்டது.

மனிதரும் நாயும் சொல்லின்றி ஒருவரையொருவர் புரிந்துகொள்வதை இன்று உள்ளுணர்வுத் தொடர்பு என்று குறிப்பிடுகின்றனர். உடலசைவு, பார்வை, குரலின் ஏற்றத்தாழ்வு, நடையின் வேகம் ஆகியவற்றிலிருந்து மற்றவரின் நோக்கத்தை நொடிப்பொழுதில் உணர்ந்து செயல்படும் திறனை இத்தொடர் சுட்டுகிறது. மனம் மனத்தோடு மறைவாகப் பேசுவதாக இதை விளக்குவோரும் உண்டு. ஆனால் தென்னிந்தியக் கல்வெட்டுகளை ஊன்றிப் படிக்கும்போது வேறொரு சித்திரமே எழுகிறது: காட்டிலும் மந்தையிலும் உயிரைப் பணயம் வைத்து இருவரும் சேர்ந்து செய்த தொழிலே இந்தப் புரிதலை வளர்த்தது, அதன் அருமையை அறிந்த சமூகம் அதற்கு நிலமும் பூசையும் கொடுத்தது.

ஆதகூர்க் கல்வெட்டு சக ஆண்டு 872-ஐ, அதாவது பொ.ஆ. 949–50-ஐச் சேர்ந்தது. அது கூறும் போர் தமிழ் வாசகர்கள் நன்கறிந்ததே. முதலாம் பராந்தக சோழனின் மூத்த மகன் இராசாதித்தன் அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு பொருது, யானையின் மீதிருந்தபடியே உயிர்நீத்தான். 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று சோழர் தரப்பு அவனை நினைவுகூர்ந்தது. அவனைக் கொன்றவன் கங்க அரசன் இரண்டாம் பூதுகன் என்பதையும், அதற்குப் பரிசாக வனவாசி பன்னீராயிரம் உள்ளிட்ட பெருநாடுகள் பூதுகனுக்குக் கிடைத்தன என்பதையும் ஆதகூர்க் கல்லே தெரிவிக்கிறது. சோழப் பேரரசின் வளர்ச்சியைப் பல பத்தாண்டுகள் பின்னுக்குத் தள்ளிய ஒரு போரைப் பற்றிய முதன்மைச் சான்று ஒரு நாயின் நடுகல்லில் இருப்பது, அக்காலத்தவர் எதை எதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தனர் என்பதை உணர்த்துகிறது.

அந்தப் போரில் பூதுகனுக்குத் துணைநின்று வீரம் காட்டியவன் மணலேரன். அவன் ஆற்றலைக் கண்டு மகிழ்ந்த கிருஷ்ணன், வேண்டியதைக் கேட்கும்படி கூற, மணலேரன் அரசனுடைய காளியைக் கேட்டுப் பெற்றான். பின்னர் ஒரு குன்றுப் பகுதியில் பெரிய காட்டுப்பன்றி ஒன்றின்மீது காளி ஏவப்பட்டது. நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று வீழ்ந்தன. ஆதகூரில் சல்லேசுவரர் கோயில் முன்பு, நாயும் பன்றியும் மோதும் காட்சியைச் செதுக்கிய கல் நடப்பட்டது. அந்தக் கல்லுக்கென இரண்டு கண்டுகம் விளையும் நிலம் விடப்பட்டது. கண்டுகம் என்பது தானிய அளவு, அவ்வளவு விளைச்சல் தரும் நிலத்தையும் அப்பெயரால் குறித்தனர். கோயிலைப் பேணும் கொரவர், அதாவது சைவத் துறவியான பூசகர், கல்லுக்குப் பூசை செய்யாமல் உணவு உண்டால் அந்த நாயின் பாவம் அவரைச் சேரும் என்று கல்வெட்டு எச்சரிக்கிறது. அந்த நிலத்தை அழிப்பவருக்கும் அதே எச்சரிக்கை உண்டு. கோயில் தானங்களுக்கு அளிக்கப்பட்ட அதே பாதுகாப்பு ஒரு நாயின் நினைவுக்கும் அளிக்கப்பட்டிருக்கிறது.

மணலேரன் ஏன் நாயைக் கேட்டான் என்பதற்குக் கல்வெட்டு காரணம் கூறவில்லை. போர் முடிந்து நாடுகளும் ஊர்களும் கைமாறிக்கொண்டிருந்த வேளையில் அவன் அவ்வாறு கேட்டது, பழகித் தேர்ந்த வேட்டை நாயின் மதிப்பை அறிந்தவனின் தேர்வாகவே தோன்றுகிறது. குட்டியை விலைக்கு வாங்கிவிடலாம். பல பருவங்கள் காட்டில் உழைத்து ஏவலை உணரப் பழகிய நாயை அப்படி வாங்க முடியாது.

பன்றி வேட்டையின் முறையை அறிந்தால் இதன் பொருள் விளங்கும். காட்டுப்பன்றி புதருக்குள் பதுங்கும் விலங்கு. நாய்கள் அதைக் கிளப்பி ஓட்டி, ஓரிடத்தில் மறித்து நிறுத்த, வேட்டைக்காரன் ஈட்டியோடு நெருங்கி வருவான். கிடாப்பன்றியின் கோரைப்பற்கள் கீழிருந்து மேல்நோக்கிக் கிழிப்பவை. ஆதலால் அனுபவமுள்ள நாய் நேர்முகமாகப் பாயாமல் பக்கவாட்டில் சுற்றிக் காதையோ பின்தொடையையோ கவ்வும். இத்தனையும் பெரும்பாலும் மனிதனின் கண்ணுக்குத் தெரியாத அடர்ந்த புதருக்குள் நிகழ்கின்றன. அவனுக்குக் கிடைப்பது குரைப்பொலி மட்டுமே. தடம் பற்றி ஓடும் நாய் இடைவெளி விட்டுக் குரைக்கிறது. இரையை மறித்துவிட்ட நாய் ஒரே இடத்திலிருந்து இடைவிடாமல் குரைக்கிறது. அடிபட்ட நாய் ஊளையிட்டு ஓய்கிறது. இந்த வேறுபாடுகளைச் செவியால் பிரித்தறிந்து, ஓடுவதா நிற்பதா வளைந்து செல்வதா என்று முடிவெடுப்பது வேட்டைக்காரனின் பொறுப்பு. நாயும் தன் பங்கிற்கு அவன் குரலையும் கையசைவையும் படிக்கிறது. தமிழகத்துக் கிராமங்களில் நாயை அழைக்கும் 'தோ... தோ'வும் ஏவிவிடும் 'சூ'வும், பொருளால் அன்றி ஒலியின் நீளத்தாலும் வேகத்தாலும் வேலை செய்பவை. ஒன்று அமைதிப்படுத்தி அருகே இழுக்கிறது, மற்றது முடுக்கி முன்னே தள்ளுகிறது.

காளிக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் முற்பட்ட தமிழ்ச் சான்று திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூர் நடுகல். பல்லவன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தமிழின் பழைய எழுத்து வடிவங்களுள் ஒன்றாகிய வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட இக்கல், எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுக்கப்பட்டது. வீரனின் உருவத்தருகே ஒரு நாயும் நிற்கிறது. அதற்கெனத் தனியே பொறிக்கப்பட்ட வாசகம், கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் இருந்ததைத் தெரிவிக்கிறது. கடித்ததோடு நில்லாமல் காத்தும் இருந்தது என்று கூறியிருப்பதே இதில் கவனிக்கத்தக்கது. கடித்தல் எந்த நாய்க்கும் இயலும். தலைவன் வீழ்ந்து ஏவுவார் இல்லாதபோதும் தன் கடமையை விடாமல் நின்றதை ஊரார் கண்டறிந்து கல்லில் எழுதச் செய்தனர்.

இவ்விரு கற்களும் நாயைப் பொதுப்படையாக நாய் என்று விட்டுவிடாமல் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. நடுகல் மரபில் பெயர் என்பது வீரனுக்கு உரியது. பெயரும் பீடும் எழுதுதல் என்றே அதைப் போற்றினர். ஆனால் நாயின் பெயருக்கு இன்னொரு பயனும் உண்டு: அது நாள்தோறும் அந்த விலங்கின் காதில் விழுந்து அதைத் திரும்பிப் பார்க்க வைத்த ஒலி. ஆகவே காளி, கோவிவன் ஆகிய பெயர்கள் மனிதருக்கும் இவ்விரு நாய்களுக்கும் இடையே வழங்கிய பேச்சின் எஞ்சிய பகுதிகளாகவே அமைகின்றன.

ஆதகூர்க் கல் குறிப்பிடும் கொரவர் என்னும் சொல் மைசூர் வட்டாரத்தில் இன்றும் வழக்கில் உள்ளது. மைலாரலிங்கனை வழிபடும் கொரவர்கள் கரடித்தோல் தொப்பி அணிந்து, உடுக்கையும் குழலும் கொண்டு ஆடும் கொரவர் குணித்தா இப்பகுதியின் புகழ்பெற்ற கூத்து. தங்களை மைலாரனின் நாய்களாகக் கருதும் இவ்வடியார்கள், சடங்கின்போது நாயைப்போலக் குரைத்து, பாத்திரத்தில் வைத்த உணவை வாயாலேயே உண்பர். மராட்டிய நாட்டில் கண்டோபா என்ற பெயரில் வழிபடப்படும் இதே தெய்வத்தைப் பற்றிக் குந்தர் சொந்தைமர் என்ற ஜெர்மானிய அறிஞர் விரிவாக ஆராய்ந்துள்ளார். பத்தாம் நூற்றாண்டுப் பூசகர்களையும் இன்றைய கூத்தர்களையும் ஒரே கோட்டில் இணைத்துவிடுவது அவசரமாகும். எனினும் ஆட்டு மந்தையோடும் நாயோடும் வாழ்ந்த குறும்பர் சமூகத்தவரிடையே இவ்வழிபாடு வேரூன்றியிருப்பதால், நாயின் பணிவையும் விழிப்பையும் பக்தியின் இலக்கணமாகக் கொண்டவர்கள் அதன் இயல்பை மிக நெருக்கமாக அறிந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை.

அரண்மனைகளும் வேட்டை நாய்களில் அக்கறை காட்டின. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றிய மானசோல்லாசம், அரசர்க்குரிய பொழுதுபோக்குகளுள் நாய்களைக் கொண்டு ஆடும் வேட்டை விளையாட்டுக்குத் தனிப் பகுதி ஒதுக்கியுள்ளது.

அக்கால வேட்டைக்காரர்களும் மேய்ப்பர்களும் பயன்படுத்திய, மனிதரின் குறிப்பை உணரும் நாயின் திறனை அறிவியல் சோதித்துப் பார்த்தது அண்மைக் காலத்தில்தான். பிரையன் ஹேர், மைக்கேல் டோமசெல்லோ முதலியோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, மனிதர் சுட்டிக்காட்டும் சைகையைப் புரிந்துகொள்வதில் நாய்கள் ஓநாய்களையும் சிம்பன்சிகளையும் விஞ்சுகின்றன என்று காட்டியது. கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா குழுவினர் எந்தப் பயிற்சியும் இல்லாத தெருநாய்களிடம் இதைச் சோதித்து 2020-இல் முடிவுகளை வெளியிட்டனர்: அஞ்சி விலகியவை போக, அருகே வந்த நாய்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு சுட்டிய திசையைப் பின்பற்றின. யாருக்கும் உரியவை அல்லாத நாய்களிடமும் இத்திறன் இருப்பதால், அதன் வித்து இனத்திலேயே உள்ளது என்றும், பழக்கம் அதை முழுத் தொழில்திறனாக வளர்க்கிறது என்றும் கொள்ளலாம்.

இந்தத் தொடர்புக்கு ஓர் ஆபத்தான பக்கமும் உண்டு. கலிபோர்னியாவில் லிசா லிட் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 18 மோப்ப நாய்களும் அவற்றின் பயிற்சியாளர்களும், தேடவேண்டிய வாசனைப் பொருள் எதுவுமே வைக்கப்படாத அறைகளில் தேடவிடப்பட்டனர். பொருள் இருப்பதாகப் பயிற்சியாளர்களை நம்பவைத்த இடங்களில், நாய் கண்டுபிடித்துவிட்டதாக அவர்கள் பலமுறை அறிவித்தனர். மனிதனின் எதிர்பார்ப்பு அவனை அறியாமலே உடலில் வெளிப்பட, நாய் மூக்கை விட்டு மனிதனைப் படித்ததா, அல்லது மனிதனே நாயின் சாதாரண அசைவை அறிகுறியாகத் தவறாகப் படித்தானா என்று பிரித்தறிவது எளிதன்று, இரண்டும் கலந்திருக்கலாம். ஆகவே நல்ல பயிற்சி என்பது நாய்க்கு மட்டுமன்றி மனிதனுக்கும் உரியது.

மைசூருக்குத் தெற்கே பந்திப்பூர்ப் புலிகள் காப்பகத்தில் கர்நாடக வனத்துறை பயன்படுத்திய ராணா என்ற ஜெர்மன் ஷெப்பர்ட் நாயின் பணி இந்நெடிய மரபின் அண்மைக் காலத் தொடர்ச்சி. 2019-இல் குண்டுலுப்பேட்டைப் பகுதியில் மனிதரைக் கொன்ற புலியைத் தேடும் பணியிலும் ராணா ஈடுபடுத்தப்பட்டது. இத்தகைய தேடலில் பயிற்சியாளர் நாயை முந்தாமலும் இழுக்காமலும் வாரைத் தளர்த்திப் பிடித்து, அதன் தலை தாழ்வதையும் வால் விறைப்பதையும் மூச்சின் வேகம் மாறுவதையும் பின்னிருந்து கவனித்தவாறே நடக்கவேண்டும். தடம் எங்கே செல்லும் என்று தன் மனத்தில் தோன்றும் கணிப்பை அவ்வேளையில் அவர் கால்களுக்கும் கைகளுக்கும் தெரியவிடக் கூடாது.