நா, நாடி, பதிவேடு

சித்த வைத்தியம் தமிழனுடையது, ஆயுர்வேதம் ஆரியனுடையது என்கிற பேச்சு மதுரையில் கருத்தரங்க மேடையிலும் கேட்கும், டீக்கடை பெஞ்சிலும் கேட்கும். இதை மறுப்பவர்களும் அதே தர்க்கத்தைத்தான் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆயுர்வேதம்தான் மூலம், சித்தம் அதன் தமிழ்க் கிளை என்பது அவர்கள் வாதம். இரு தரப்புக்கும் வேண்டியது ஒரு பிறப்புச் சான்றிதழ். யாருடைய உடலை, யார் தொட்டு, எந்த அதிகாரத்தோடு நோய் சொன்னார்கள் என்கிற கேள்வி இந்தச் சண்டையில் காணாமல் போய்விடுகிறது.

நோயறியும் முறையிலிருந்தே தொடங்கலாம். சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வு நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பது. ஆயுர்வேதத்தின் அஷ்டஸ்தான பரீட்சையும் எட்டுதான். அதில் ஏழு அப்படியே ஒன்று. நிறம் இருக்கிற இடத்தில் அங்கே ஆகிருதி, அதாவது உடலின் தோற்றம். மூத்திரத்தில் எண்ணெய்ச் சொட்டை விட்டு, அது பரவுகிற வடிவத்தைப் பார்த்து நோய் சொல்வதும் இரண்டிலும் உண்டு.

சரி, யார் யாரிடமிருந்து எடுத்தது? சரக சம்ஹிதையிலும் சுஸ்ருத சம்ஹிதையிலும் நாடி பிடித்து நோய் சொல்லும் முறை கிடையாது. சம்ஸ்கிருத மருத்துவ நூல்களில் அது தெளிவாக வருவது 13, 14ஆம் நூற்றாண்டு வாக்கிலான சார்ங்கதர சம்ஹிதையில். எட்டும் வரிசையாக நிற்பது 17ஆம் நூற்றாண்டின் யோகரத்னாகரத்தில். சித்தர் பெயரில் நம் கைக்கு வந்திருக்கிற மருத்துவப் பாடல்களின் மொழியும் பெரும்பாலும் பிற்காலத்து மொழிதான். யுனானி ஹகீம்களும் நாடி பிடித்தவர்கள்தான். ஆக, அனாதி காலத்துச் சொத்து என்று இருவரும் காட்டுகிற நாடி, பல கைகள் புழங்கிய இடைக்காலத்துச் சரக்கு. அதில் தூய மூலம் தேடுவது வீண்வேலை.

அப்படியானால் இவை தனித்தனிப் பெட்டிகளானது எப்போது? 1914இல் சென்னை மாகாண மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. மேற்கத்திய மருத்துவம் படித்தவருக்குத்தான் பதிவேட்டில் இடம். நாட்டு வைத்தியர்கள் கொதித்தார்கள். 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது, ஜி. சீனிவாசமூர்த்தி அதன் செயலாளர். 1923இல் அறிக்கை வந்தது. 1920களின் நடுவில் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கி, ஆயுர்வேதம், சித்தம், யுனானி என்று மூன்று பிரிவுகள் நின்றன. 1964இல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரி. 1970இல் இந்திய மருத்துவ மத்தியக் கழகச் சட்டம். 2020இல் அதன் இடத்தில் புதுச் சட்டம். பாடத்திட்டம், பட்டம், பதிவேடு: இந்த மூன்றும்தான் பழக்கமாக இருந்ததை 'அமைப்பு' ஆக்கின. அவமானப்பட்டுக் கிடந்த ஒரு அறிவுக்கு அங்கீகாரம் கிடைத்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கீகாரம் ஏட்டுக்குத்தான் கிடைத்தது. தொட்டு வைத்தியம் பார்த்த கைக்கு அல்ல.

கைகள் யாருடையவை? தமிழ்நாட்டில் கட்டி அறுத்தவரும் நாவிதர். பிரசவம் பார்த்த மருத்துவச்சி அவர் வீட்டுப் பெண். சாதிப் பெயரே மருத்துவர் என்று வழங்குகிறது. மனுதர்ம சாஸ்திரம் வைத்தியன் கொடுக்கும் சோற்றைச் சீழுக்குச் சமமாக வைக்கிறது. உடலைத் தொடுகிறவன் மீதான இந்த அருவருப்பை தேவிபிரசாத் சட்டோபாத்யாயா 1977இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகப் பேசியிருக்கிறார். அருவருப்பு போகவில்லை, ஏட்டை மட்டும் கழுவி எடுத்துக்கொண்டார்கள்.

உணவிலும் அதே கழுவல். இன்று ஆயுர்வேத உணவு என்றால் சைவம் என்றாகிவிட்டது. சரக சம்ஹிதையின் உணவு அத்தியாயமோ காட்டு மிருகம், பறவை, மீன் என்று இறைச்சி வகைகளை அடுக்குகிறது. வாத நோய்க்கும் வறட்டு இருமலுக்கும் மாட்டிறைச்சி நல்லது என்கிறது. சுஸ்ருதத்தில் நீரிழிவுப் பகுதி இன்னும் கூர்மையானது. கதியற்ற ஏழை, செருப்பும் குடையும் இல்லாமல் நூறு யோசனை தூரம் நடக்கட்டும். பணக்காரன் காட்டுத் தானியம் தின்னட்டும். பிராமணன் சிந்திய கதிர் பொறுக்கட்டும். மற்றவன் ஓயாமல் உழட்டும், இல்லை கிணறு வெட்டட்டும். உடலுழைப்பு இல்லாமல் தின்பதால் வரும் நோய் என்று கண்டது பெரிய விஷயம்தான். ஆனால் ஒருவனுக்கு மருந்தாக எழுதிக் கொடுக்கப்படும் உழவு இன்னொருவனுக்குத் தலைவிதி என்பது அந்தப் பிரதியை உறுத்தவே இல்லை.

கோச்சடையில் இருந்துகொண்டு இதைப் படிப்பதில் ஒரு கசப்பு உண்டு. வைகையின் தென்கரையில் நெல் விளைந்த வயல்கள் இங்கே வீட்டு மனையாகிவிட்டன. நாற்று நட்ட பெண்களுக்கு இன்று வேலை வீடு துடைப்பது. சோறு ரேஷன் அரிசி. இவர்களுக்குச் சர்க்கரை வந்தால் எந்த வைத்தியனும் சொல்லும் பத்தியம், "அரிசியக் குறைம்மா" என்பது. எதை வைத்து அந்த இடத்தை நிரப்புவது என்பதை யாரும் சொல்வதில்லை. கம்பும் கேழ்வரகும் ஏழைச் சோறு என்று இகழப்பட்டவை. இப்போது பாலிதீன் பையில் 'பாரம்பரிய உணவு' என்று ஏறிய விலைக்கு வருகின்றன. பத்தியம் என்பது அதற்கு வசதி இருப்பவனின் மருந்தாகிவிட்டது.

ஃபூக்கோ 1963இல் எழுதிய நூலில் ஒரு மாற்றத்தைச் சுட்டுகிறார். உனக்கு என்ன என்று கேட்ட வைத்தியன், எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தொடங்கிய இடத்தில் நவீன மருத்துவப் பார்வை பிறக்கிறது என்கிறார். நம் ஊரில் இன்னும் "ஒடம்புக்கு என்ன செய்யுது?" என்றுதான் கேட்கிறார்கள். பின்னாலேயே "என்ன சாப்ட்ட? வெளிக்குப் போச்சா? வெயில்ல நின்னியா?" என்று வரும். சூடு, குளிர்ச்சி, வாயு என்று தெருவில் புழங்கும் இந்தச் சொற்களுக்குப் பட்டமோ பதிவோ தேவைப்படவில்லை. மதுரைத் தெருவில் சுக்கும் கருப்பட்டியும் போட்ட பருத்திப்பாலை ஊற்றிக் கொடுப்பவரும் ஒரு நோயறிதலோடுதான் ஊற்றுகிறார்: "சளிக்கு நல்லதுண்ணே."

இதைப் புனிதமாக்க நான் தயாரில்லை. மருத்துவச்சியின் கொதிக்க வைக்காத கத்தியால் செத்த பிள்ளைகளும் இந்த வரலாற்றில்தான் இருக்கிறார்கள். நாடி பார்த்துச் சர்க்கரையின் அளவைச் சொல்ல முடியாது; அதற்கு ரத்தப் பரிசோதனைதான் வேண்டும். ஆனால் கத்தியைக் கொதிக்க வைக்கக் கற்றுக்கொடுத்துப் பதிவேட்டில் அவள் பெயரையும் எழுதியிருக்கலாமே என்று கேட்பதில் தவறில்லை. சித்தமா ஆயுர்வேதமா என்று கட்சி கட்டுகிறவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அதுதான்.