டெராசோ தரை: சுண்ணாம்பிலிருந்து எப்பாக்சி வரை

பளிங்குச் சில்லுகளை ஒரு பிணைப்பொருளோடு சேர்த்துப் பரப்பி, இறுகியபின் தேய்த்து மெருகேற்றும் தரைக்கு டெராசோ என்று பெயர். தமிழ்நாட்டில் இதையே ‘மொசைக் தரை’ என்கிறோம். உண்மையில் மொசைக் என்பது சிறு துண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்து உருவம் அமைக்கும் வேறொரு கலை.

டெராசோ வளர்ந்த இடம் இத்தாலியின் வெனிஸ் நகரம். சேற்று நிலத்தில் மரக்கம்பங்களை அடித்து எழுப்பிய அந்நகரத்து வீடுகள் சிறிது சிறிதாக அமிழ்ந்தன. அந்த அசைவுக்கு ஈடுகொடுக்கும் தரை தேவைப்பட்டது. தொழிலாளர்கள் சுண்ணாம்புக் காரையைப் பரப்பி, பளிங்கு வேலையில் கழிந்த துண்டுகளைத் தூவி அழுத்தினார்கள். நீண்ட கைப்பிடி கொண்ட கல்லால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசினார்கள். 16ஆம் நூற்றாண்டிலேயே அவர்களுக்குத் தனிச் சங்கம் இருந்தது.

19ஆம் நூற்றாண்டில் வடகிழக்கு இத்தாலியின் ஃபிரியூலி பகுதிக் கைவினைஞர்கள் பிழைப்புத் தேடி பாரிசுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றார்கள். தொழிலும் அவர்களோடு பரவியது. அவர்களுடைய பகுதியில் உள்ள ஸ்பிலிம்பெர்கோ ஊரில் 1922இல் தொடங்கிய மொசைக் பள்ளி இன்றும் நடக்கிறது.

பின்னர் சுண்ணாம்பின் இடத்தைச் சிமெண்ட் பிடித்தது. சிமெண்ட் விரைவாக இறுகும். ஆனால் சுருங்கி விரிசல் விடும். அதனால் தரையைக் கட்டங்களாகப் பிரிக்கும் உலோகப் பட்டைகள் வந்தன. நம் வீடுகளில் கண்ணாடிப் பட்டைகள் இதே வேலையைச் செய்தன. மின்சாரத் தேய்ப்பு இயந்திரம் கை உழைப்பைக் குறைத்தது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எப்பாக்சி பிசின் பிணைப்பொருளாயிற்று. கான்கிரீட்டின் மேல் சுமார் 10 மில்லிமீட்டர் கனமே போதும். விரும்பிய நிறமும் கிடைக்கும். ஆனால் எப்பாக்சி ஈரத்தை வெளியே விடாது. கான்கிரீட்டில் ஈரம் மிகுந்திருந்தால் தரை உப்பிப் பெயர்ந்துவிடும். ஆகவே முதலில் ஈரத்தைச் சோதித்து, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, விரிசல்களைச் சரிசெய்ய வேண்டும். அடுத்து ஒட்டுப்பூச்சு; அதன்மேல் பிசினும் சில்லும் கலந்த கலவை. இறுகியதும் தேய்த்து, சிறு துளைகளை அடைத்து, மீண்டும் மெருகேற்றுவார்கள். வெயிலில் எப்பாக்சி மஞ்சளாகும் என்பதால் வெளிமுற்றத்திற்கு இது ஏற்றதல்ல.

பிணைப்பொருள் இரண்டு முறை மாறினாலும், கழிவுக் கல்லை அழகாக்கும் அடிப்படை மாறவில்லை. இன்று பல பழைய வீடுகளின் மொசைக் தரைகள் டைல்ஸுக்கு அடியில் மறைகின்றன. மங்கிய தரையைத் தேய்த்து மெருகேற்றினாலே பெரும்பாலும் பழைய பொலிவு திரும்பும். மூடுவதற்கு முன் அதைச் செய்து பார்ப்பது நல்லது.