ஆணைத்தாள் கைக்கு வந்த பிறகு: அமெரிக்கப் படைக் குடும்பங்களின் இடமாற்றமும் கொடுப்பனவுகளும்

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்களிடம் வீட்டுச் சாமான் பட்டியல் என்று ஒன்றும் இருக்கவில்லை. கையில் எடுத்தது மிச்சம், விட்டது போனது. அப்படி வந்தவர்களின் பிள்ளைகள் சிலர் இன்று அமெரிக்கப் படைகளில் பணிபுரிகிறார்கள். இராணுவம் என்ற சொல் நம் வீடுகளில் வேறு ஞாபகங்களைக் கிளறும் என்பதால், இந்தப் பிள்ளைகளின் வேலை பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பேசாததால் விவரங்களும் பரவுவதில்லை. என் மகளின் மூன்று இடமாற்றங்களில் கூடநின்று பெட்டி கட்டியவன் என்ற முறையில், தெரிந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

அமெரிக்கப் படையினர் பொதுவாக இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு தடவை நிரந்தரப் பணியிட மாற்றம் பெறுகிறார்கள். பி.சி.எஸ். என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். இதற்கான கொடுப்பனவுகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை, கூட்டுப் பயண ஒழுங்குவிதிகள் என்ற ஒரே விதித்தொகுப்பு. தரைப்படை, கடற்படை, வான்படை எல்லாவற்றுக்கும் அதுவே.

முதலில் ஒன்று. எழுத்தில் ஆணைத்தாள் வரும்வரை எதையும் செய்ய வேண்டாம். மேலதிகாரி வாயால் சொன்னார், மின்னஞ்சலில் இடத்தின் பெயர் வந்துவிட்டது என்று விமானச் சீட்டு எடுத்தவர்களும் வீட்டுக்கு முற்பணம் கட்டியவர்களும் உண்டு. ஆணை மாறினால் அந்தக் காசு திரும்ப வருமென்று எதிர்பார்க்க முடியாது. ஆணை வந்துவிட்டால் அதே நாளில் பொருள் அனுப்பும் பதிவைச் செய்யுங்கள். மே நடுப்பகுதி தொடங்கி ஆகஸ்ட் முடியும்வரை எல்லாரும் மாறுகிற காலம். பிந்தினால் லொறி கிடைக்காது.

பெயரும் திருமணப் பதிவும்

நம்மவர்கள் சிக்குப்படும் முதல் இடம் இது. கணவன், மனைவி, பிள்ளைகளுக்கான பயணக் கொடுப்பனவு கிடைக்க வேண்டுமானால், படையினரின் தங்கியிருப்போர் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்க வேண்டும். நம் வழக்கப்படி மனைவியின் பெயரோடு அவளுடைய தகப்பனின் பெயர் இருக்கும், பிள்ளைகளுக்குத் தகப்பனின் முதற்பெயர் குடும்பப் பெயராக இருக்கும். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். அலுவலகத்தில் இருப்பவருக்கு இது விளங்காது, விளங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் இரண்டுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்துத் தயாராக வைத்திருங்கள்.

இன்னொன்று, கோயிலில் தாலி கட்டிய நாள் கணக்கில் வராது. சட்டப்படி பதிவு செய்த நாள்தான் கணக்கு. ஆணை நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன்போ அன்றோ திருமணம் பதிவாகியிருந்தால்தான் துணைக்கான பயணச் செலவு அந்த ஆணையின் கீழ் வரும். பெரிய கொண்டாட்டத்தை ரொரன்ரோவில் பிறகு வைக்கலாம்.

தாய் தகப்பனும் உங்களோடு இருக்கிறார்கள் என்றால், அவர்கள் தாமாகவே தங்கியிருப்போர் ஆகிவிட மாட்டார்கள். அவர்களுடைய வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் படையிலுள்ள பிள்ளையே கொடுக்கிறார் என்று கணக்குக் காட்டி, தனியாக விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். மாதக்கணக்கில் இழுபடும் வேலை அது. ஆணை வந்தபிறகு தொடங்கினால் நேரம் போதாது.

எந்தக் காசு எதற்கு

இடப்பெயர்வுக் கொடுப்பனவு, அதாவது டி.எல்.ஏ., வீடு மாறுவதால் வரும் சில்லறைச் செலவுகளுக்கானது. பதவி நிலையையும் குடும்பம் உண்டா இல்லையா என்பதையும் பொறுத்து ஒரு தொகை. பற்றுச்சீட்டு காட்டத் தேவையில்லை. பிள்ளை ஒன்றானாலும் நான்கானாலும் தொகை ஒன்றுதான். பொதுவாக ஒரு நிதியாண்டுக்கு ஒரு தடவையே கிடைக்கும், ஓய்வுபெற்றுப் போகும்போது கிடைக்காது. இதை முன்கூட்டியே கேட்டு வாங்கலாம். புது வீட்டுக்கு முற்பணம் கட்டக் கையில் காசில்லாமல் திண்டாடும் இளம் குடும்பங்கள் இதைக் கேட்டால் கிடைக்கும் என்பதை அறியாமல் கடனட்டையில் விழுகிறார்கள்.

சொந்தக் காரில் போனால் மைல் கணக்குக் காசும் நாட்படியும் உண்டு. 2024 இல் மைலுக்கு 21 சதம். இரண்டு கார் வரை பொதுவாக அனுமதி. பயண நாட்களை ஒரு நாளுக்கு 350 மைல் என்று கணக்கிடுவார்கள், மிஞ்சியது 50 மைலுக்கு மேலிருந்தால் இன்னொரு நாள் சேரும். வட கரோலினாவிலிருந்து வாஷிங்டன் மாநிலத்துக்கு 2,900 மைல் என வைத்துக்கொள்வோம்: ஒன்பது நாட்கள், ஒரு காருக்கு 609 டொலர். நாட்படியில் துணைக்கும் 12 வயதும் அதற்கு மேலுமான பிள்ளைகளுக்கும் படையினரின் வீதத்தில் 75 சதவீதம், 12 வயதுக்குக் கீழ் 50 சதவீதம். நீங்கள் ஆறு நாளில் ஓடி முடித்தால் ஆறு நாளுக்குத்தான் படி. காசுக்காக மெதுவாக ஓடச் சொல்லவில்லை, ஆனால் கைக்குழந்தையோடு ஓடுபவர்கள் தங்களுக்கு ஒன்பது நாள் உண்டென்று தெரிந்து ஓட வேண்டும்.

வீடு கிடைக்கும்வரை விடுதியில் தங்குவதற்கு அமெரிக்காவின் பிரதான நிலப்பகுதிக்குள் ஒரு கொடுப்பனவு, வெளிநாட்டில் வேறொன்று. வெளிநாட்டுக் கொடுப்பனவு போய் இறங்கியபின் வழமையாக 60 நாள் வரை நீளும். உள்நாட்டு நாட்களின் எண்ணிக்கை அண்மைய ஆண்டுகளில் கூட்டப்பட்டிருப்பதால், பழைய ஆட்கள் சொல்லும் பத்து நாள் கணக்கை நம்பாமல் நிதி அலுவலகத்தில் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் விடுதிப் பற்றுச்சீட்டு வேண்டும்.

வீட்டு வாடகைப் படியில்தான் பெரிய ஆபத்து. அது பணியிடத்தின் அஞ்சல் குறியீட்டைப் பொறுத்தது. செலவு கூடிய ஊரிலிருந்து குறைந்த ஊருக்கு மாறியபின், சம்பளப் பிரிவின் தவறால் பழைய வீதமே வந்துகொண்டிருக்கும். கூடுதலாக வருகிறதே என்று பேசாமல் இருந்தால், ஐந்தாறு மாதம் கழித்து முழுவதையும் கடனாக எழுதிச் சம்பளத்தில் வெட்டுவார்கள். புது இடத்தில் முதல் மூன்று மாதச் சம்பளச் சீட்டை வரிவரியாகப் பாருங்கள்.

முற்பணச் சம்பளம் என்று ஒன்றும் உண்டு. மூன்று மாத அடிப்படைச் சம்பளம் வரை எடுக்கலாம், வட்டி இல்லை, வழமையாகப் 12 மாதத்தில் கழிப்பார்கள். இது கொடுப்பனவு அல்ல, கடன். டி.எல்.ஏ. கேட்டு முடித்தபின் மட்டுமே இதை யோசியுங்கள்.

எத்தனை இறாத்தல்

அரச செலவில் அனுப்பக்கூடிய நிறைக்கு எல்லை உண்டு. ஈ-5 நிலையில் குடும்பத்தோடு இருப்பவருக்கு 9,000 இறாத்தல், தனியாக இருப்பவருக்கு 7,000. மேலே போனால் போன நிறைக்கு நீங்களே கட்ட வேண்டும். ஒரு அறைக்கு 1,000 இறாத்தல் என்று மட்டாகக் கணக்குப் பார்க்கலாம், ஆனால் நம் குசினிக்கு அது போதாது. கிரைண்டர், அம்மி, பித்தளைப் பாத்திரம், 20 கிலோ அரிசிப் பை. தொழிலுக்கான பொருட்கள் 2,000 இறாத்தல் வரையும், துணையின் தொழிற்பொருட்கள் 500 இறாத்தல் வரையும் இந்தக் கணக்கில் சேராது. பொதி கட்டும் நாளிலேயே அவற்றைத் தனியாக வைத்துச் சொல்ல வேண்டும். ஒரு ஆறுதல்: ஜேர்மனிக்கு மாற்றம் வந்தால், ஊரிலிருந்து கொண்டுவந்து மூலையில் கிடக்கும் 230 வோல்ட் கிரைண்டர் அங்கே நேராக வேலை செய்யும்.

நீங்களே லொறி பிடித்துக் கொண்டுபோனால், அரசாங்கம் அதற்குச் செலவழித்திருக்கக்கூடிய தொகை உங்களுக்கு வரும். செலவு போக மிஞ்சியது உங்களுடையது, அதற்கு வரி உண்டு. வெறும் வாகனத்தின் நிறைச்சீட்டும் ஏற்றிய வாகனத்தின் நிறைச்சீட்டும் இல்லையென்றால் காசு இல்லை. ஏற்றுவதற்கு முன் நிறுக்க மறந்த ஒருவரை எனக்குத் தெரியும், மூன்று நாள் வேலை வீணாகியது.

நகை, தாலிக்கொடி, கடவுச்சீட்டு, குடிவரவுக் கடிதங்கள், ஊர்ப் படங்கள் எதையும் லொறியில் ஏற்ற வேண்டாம். பொதி கட்டுபவர்கள் வரும் நாளில் அவற்றைக் காரில் வைத்துப் பூட்டிவிடுங்கள், மேசையில் இருப்பதெல்லாம் பெட்டிக்குள் போய்விடும்.

மகளின் இரண்டாவது மாற்றத்தில், என் தாயார் ஊரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த குத்துவிளக்கின் மேற்பகுதி வரவில்லை. இறக்கிய ஆட்கள் அவசரப்படுத்த, மருமகன் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் இறக்கிய நாளில் காணாததைப் பிறகும் அறிவிக்கலாம், அதற்கு 180 நாள் உண்டு. முழு மாற்று விலை வேண்டுமென்றால் ஒன்பது மாதத்துக்குள் கோரிக்கை போட வேண்டும், அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுவரை தேய்மானம் கழித்த விலைதான். பொதி கட்டுமுன் எடுத்த படம் ஒன்று இருந்தது, பட்டியலில் "விளக்கு, பித்தளை" என்று இருந்தது. விலை கிடைத்தது. ஊரில் விட்ட வீட்டுக்கு ஒருவரும் பட்டியல் கேட்கவில்லை என்று மட்டும் என் மனைவி சொன்னாள்.

பழைய வீடும் துணையின் வேலையும்

வாடகை ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருந்தாலும் அபராதம் கட்டத் தேவையில்லை. படையினர் குடிசார் நிவாரணச் சட்டத்தின்படி, ஆணையின் பிரதியோடு எழுத்தில் அறிவித்தால், அடுத்த வாடகை நாளிலிருந்து 30 நாளில் ஒப்பந்தம் முடியும். மாநிலம் மாறுவதால் தாதியர், ஆசிரியர் போன்றோர் புதிய உரிமம் எடுக்கும் செலவில் 1,000 டொலர் வரை துணைக்குத் திரும்பக் கிடைக்கும். பிள்ளைகளின் பாடசாலை மாற்றத்துக்கு 50 மாநிலங்களும் சேர்ந்த உடன்படிக்கை ஒன்று இருக்கிறது.

குடிவரவுக் கோப்பு உள்ளவர்களுக்கு

இதை மற்றெல்லாவற்றையும் விடக் கவனமாக வாசியுங்கள். அமெரிக்கக் குடியுரிமை இல்லாத குடும்பத்தினர் வீடு மாறிய 10 நாளுக்குள் குடிவரவுச் சேவைக்கு ஏ.ஆர்.-11 மூலம் முகவரியை அறிவிக்க வேண்டும். அஞ்சலகத்தில் முகவரி மாற்றுவது இதற்கு ஈடாகாது. உங்களோடு இருக்கும் தாய் தகப்பனின் அடைக்கல வழக்கு குடிவரவு நீதிமன்றத்தில் இருந்தால், நீதிமன்றத்துக்குத் தனியாக 5 நாளுக்குள் இ.ஓ.ஐ.ஆர்.-33 படிவம் கொடுக்க வேண்டும். அந்தப் படிவம் முகவரியை மாற்றுமே தவிர வழக்கை மாற்றாது. புது மாநில நீதிமன்றத்துக்கு வழக்கை மாற்றும்படி தனியாக மனுப் போட்டு, நீதிபதி சம்மதிக்கும்வரை பழைய நீதிமன்றத் தவணைக்கே போக வேண்டும். கடிதம் பழைய வீட்டுக்குப் போய், தவணை தவறினால், ஆளில்லாமலே நாடுகடத்தல் உத்தரவு வரலாம். மகன் படையில் இருப்பது அதைத் தானாக நிறுத்தாது.

வெளிநாட்டு மாற்றம் என்றால், நிரந்தர வதிவிட உரிமை உள்ள துணைக்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. உத்தியோக ஆணையின்படி படையினரோடு வெளிநாட்டில் வசிக்கும் காலம், குடியுரிமை விண்ணப்பத்துக்கு அமெரிக்காவில் வசித்த காலமாகவே கணக்கிடப்படும். அதற்குத் துணையின் பெயர் ஆணையில் இருக்க வேண்டும். போகும் நாட்டின் விசா அவரவர் கடவுச்சீட்டைப் பொறுத்தது, ஆகவே அந்த வேலையை முதல் கிழமையிலேயே தொடங்குங்கள்.

படையினர் ஊரில் இல்லாமல் துணை தனியே வீடு மாற்ற வேண்டி வந்தால் அதிகாரப் பத்திரம் தேவை. முகாமின் சட்ட அலுவலகத்தில் இலவசமாக எழுதிக் கொடுப்பார்கள். போய்ச் சேர்ந்தபின் டிடி 1351-2 என்ற பயணக் கோரிக்கைப் படிவத்தை ஐந்து வேலைநாளுக்குள் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்திருங்கள். முற்பணமாக வாங்கிய காசும் இதில்தான் கணக்குத் தீரும். படிவத்தைக் கொடுக்காவிட்டால், அந்த முற்பணத்தைச் சம்பளத்திலிருந்து வெட்டத் தொடங்குவார்கள்.