ஆறு வரிகளில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர்

1967 முதல் 1972 வரை வெளிவந்த ஷெவ்ரலே சி-10 பிக்கப் வண்டிகள் அமெரிக்காவில் இன்றும் ஓடுகின்றன. அவற்றின் வி-8 எஞ்சினுக்குக் கரண்டைப் பங்கிட்டுக் கொடுப்பது டெல்கோ-ரெமி டிஸ்ட்ரிபியூட்டர். அதன் பாகங்களை எப்போது மாற்றுவது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு மைல் கணக்கைத்தான் எதிர்பார்க்கிறார்கள். கணக்கு உண்டு. ஆனால் கழற்றிய பாகம் எதனால் கெட்டது என்று பார்க்காமல் புதியதைப் பூட்டினால் அதுவும் அப்படியே கெடும். அந்தக் காலப் பட்டறைக் கையேடுகளின் அளவுகளை ஆறு வரிகளாகச் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் கீழே உரை எழுதியிருக்கிறேன். அளவுகள் கையேட்டினுடையவை, சொற்கள் என்னுடையவை.

1. பாயின்ட்டை 12,000 மைலுக்கு ஒருமுறை மாற்று.

மணிக்கு 50 மைல் வேகத்தில் போனால் இது 240 மணி நேர ஓட்டம். எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றுவதாக வைத்தால், அதற்குள், காயிலுக்குப் போகும் கரண்டை விட்டு நிறுத்தும் சுவிட்சான பாயின்ட் 14 கோடி தடவைக்கு மேல் திறந்து மூடியிருக்கும். அத்தனையையும் தாங்குவது இரண்டு சிறிய டங்ஸ்டன் முகங்களும், கேமில் உரசும் ஒரு ஃபைபர் கட்டையும்தான்.

இது தினமும் ஓடும் வண்டிக்கான கணக்கு. வருடத்தில் ஆயிரம் மைல்கூட ஓடாத வண்டிக்கு இது பொருந்தாது. அங்கே பாயின்ட் தேய்வதில்லை. சும்மா நின்றே முகத்தில் ஆக்சைடு படிகிறது. மழைக்காலம் முழுக்க நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், புதுப் பாயின்ட் வாங்கப் போகும் முன் அந்த முகங்களைப் பாயின்ட் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். உப்புத்தாள் கூடாது, அதன் துகள் முகத்தில் பதிந்து சீக்கிரம் எரித்துவிடும்.

கழற்றிய பாயின்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முகம் மங்கிய சாம்பல் நிறமாக இருந்தால் வயதாகித் தேய்ந்தது, அவ்வளவுதான். நீலம் பாய்ந்திருந்தால் அளவுக்கு மீறிய கரண்ட் போயிருக்கிறது. இந்த வண்டிகளில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும்தான் காயிலுக்கு முழு 12 வோல்ட் போக வேண்டும். பிறகு ஒரு ரெசிஸ்டன்ஸ் ஒயர் அதைக் குறைத்துக் கொடுக்கும். யாரோ ஒருவர் என்றோ அந்த ஒயரை எடுத்துவிட்டு நேர் ஒயர் போட்டிருந்தால், மாற்றுகிற பாயின்ட் எல்லாம் கருகிக்கொண்டே இருக்கும். முகத்தைச் சுற்றிக் கறுப்பாக அப்பியிருந்தால் எண்ணெயோ கிரீஸோ உள்ளே வருகிறது என்று பொருள்.

2. இடைவெளி: புதிய பாயின்ட்டுக்கு 0.019 அங்குலம், ஓடியதற்கு 0.016.

ஒரே பாகத்துக்கு ஏன் இரண்டு அளவு? புதிய ஃபைபர் கட்டை கேமோடு பழகும் முதல் சில நூறு மைல்களில் கொஞ்சம் தேயும். அது தேயத் தேய இடைவெளி சுருங்கும். அந்தத் தேய்மானத்துக்கு முன்கூட்டியே விட்டுவைத்த இடம்தான் 0.003 அங்குல வித்தியாசம். ஓடிய பாயின்ட்டில் இன்னொரு சிக்கல்: ஒரு முகத்தில் குழி, எதிர்முகத்தில் மேடு. ஃபீலர் கேஜின் தட்டையான தகடு மேட்டில்தான் முட்டும். குழியின் ஆழம் அதற்குத் தெரியாது. ஆகவே பழைய பாயின்ட்டில் ஃபீலர் காட்டும் அளவை நம்ப வேண்டாம். அடுத்த வரி அதற்காகவே இருக்கிறது.

3. ட்வெல்: 28 முதல் 32 டிகிரி வரை.

பாயின்ட் மூடியிருக்கும் கோணம் ட்வெல். 8 சிலிண்டருக்கு ஆளுக்கு 45 டிகிரி. அதில் 30 டிகிரி மூடியிருந்தால் காயில் நிரம்பும், மீதி 15 டிகிரி திறந்திருக்கும். இந்த டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் ஒரு சிறு ஜன்னல் வைத்தவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். எஞ்சின் ஓடும்போதே அந்த ஜன்னல் வழியாக 1/8 அங்குல ஆலன் சாவியை விட்டு, ட்வெல் மீட்டரைப் பார்த்தபடி 30-இல் நிறுத்தலாம். மீட்டர் இல்லாதவர் எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கும் வரை சாவியை வலப்பக்கம் திருப்பி, அங்கிருந்து அரைச் சுற்று பின்னால் வந்தால் போதும்.

ட்வெல் 1 டிகிரி கூடினால் டைமிங் ஏறத்தாழ 1 டிகிரி பின்தங்கும். ஆகவே ட்வெல்லை வைத்த பிறகே டைமிங். மாற்றி வைத்தால் டைமிங் வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

மீட்டரின் முள் வேறொன்றும் சொல்லும். ஐடிலில் ஓர் அளவு, வேகம் கூட்டினால் 3 டிகிரிக்கு மேல் வித்தியாசம் என்றால் கோளாறு பாயின்ட்டில் இல்லை. ஷாஃப்ட்டின் புஷ் தேய்ந்திருக்கிறது. மூடியைக் கழற்றி ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் கைக்கே தெரியும். அந்த நிலையில் எத்தனை பாயின்ட் போட்டாலும் பணம்தான் வீண். புஷ் போட வேண்டும், அல்லது டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்ற வேண்டும்.

4. கண்டென்சர்: 0.18 முதல் 0.23 மைக்ரோஃபாரட் வரை.

பாயின்ட்டோடு கண்டென்சரையும் மாற்றுவது பழைய பட்டறை வழக்கம். எனக்கு இதில் உடன்பாடில்லை. கண்டென்சரில் உரசித் தேய எதுவும் இல்லை. கழற்றிய பாயின்ட்டின் முகம் மேடுபள்ளம் இல்லாமல் சீராக இருந்தால், அந்தக் கண்டென்சர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம், விட்டுவிடுங்கள். குழியும் மேடும் பெரிதாக இருந்தால் மாற்றுங்கள், புதியதையும் அளந்து பார்த்தே போடுங்கள். பெட்டியில் புதிதாக இருப்பதால் மட்டும் அது நல்லது ஆகிவிடாது.

5. கேமின் எண்ணெய்த் திரியை 12,000 மைலில் திருப்பு, 24,000-இல் மாற்று.

பெரும்பாலோர் கண்டுகொள்ளாத பாகம் இது. விலை அற்பம். திரி காய்ந்தால் ஃபைபர் கட்டை வேகமாகத் தேயும், இடைவெளி மூடும், டைமிங் பின்தங்கும், வண்டிக்குப் பிக்கப் போய்விடும். மேலே எண்ணெய் விட்டு அதைச் சரிக்கட்ட வேண்டாம். சிதறும் எண்ணெய் நேராகப் பாயின்ட் முகத்துக்குத்தான் போகும்.

6. மூடி, ரோட்டார், பிளக் ஒயர்: சோதி, கெட்டிருந்தால் மாற்று. சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2.

இங்கே மைல் கணக்கு இல்லை, கண்ணுக்குத்தான் வேலை. மூடியின் உட்புறத்தில் ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்குப் பென்சில் கோடு போலக் கறுப்புத் தடம் இருந்தால் அது கார்பன் தடம். கரண்ட் அந்த வழியைப் பிடித்துக்கொண்டது, துடைத்தாலும் போகாது. நடுவிலுள்ள கார்பன் பொத்தான் தேய்ந்திருக்கிறதா, அலுமினிய முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரமான காலையில் மட்டும் அடம்பிடிக்கும் வண்டியில் முதலில் இங்கேதான் சந்தேகப்பட வேண்டும். மூடியும் ரோட்டாரும் எதிரெதிர் நின்று வேலை செய்பவை. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ரோட்டாரைக் கழற்றியதும் அதன் அடியில் இருக்கும் அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றனவா என்று விரலால் தள்ளிப் பார்க்க இதுவே நேரம்.

ஒயர்களை ஒவ்வொன்றாகப் பழைய மூடியிலிருந்து புதியதற்கு மாற்றுங்கள். மொத்தமாகப் பிடுங்கினால் குழப்பம்தான். வரிசையில் 5-ம் 7-ம் அடுத்தடுத்து வருகின்றன, எஞ்சினிலும் அவை பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள். அவற்றின் ஒயர்கள் ஒட்டியபடி நெடுகப் போனால் 5-க்குப் போகும் கரண்ட் 7-க்கும் தாவும். ஆகவே இரண்டையும் விலக்கி ஓட்டுங்கள்.

1975-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பாயின்ட்டை விட்டு எச்.இ.ஐ. என்ற எலக்ட்ரானிக் இக்னிஷன் முறைக்கு மாறியபோது மேலே உள்ள வரிகளில் பெரும்பகுதிக்கு வேலை இல்லாமல் போனது. இந்த ஆறாம் வரி மட்டும் முன்னைவிட முக்கியமானது. காயில் மூடியின் உச்சியிலேயே உட்கார்ந்திருக்கிறது, வோல்டேஜும் கூடுதல். அந்த அழுத்தத்தில் ரோட்டாரின் பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு கரண்ட் ஷாஃப்ட்டில் இறங்கிவிடுவதுண்டு. மேலிருந்து பார்த்தால் ரோட்டார் நல்லதாகவே தெரியும். கழற்றித் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தால்தான் ஊசிமுனை அளவில் அந்தக் கருகிய துளை அகப்படும்.