ஊவா தோட்டங்களில் எடை குறைந்த சிசுக்களின் வீட்டுப் பராமரிப்பு

குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறந்த சிசுவை ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி அனுப்பிய பின் வீட்டில் பேணும் முறை. இலங்கையின் ஊவா மாகாணத்தில் பசறை, நமுனுகுல, பண்டாரவளை, ஹப்புத்தளை பகுதித் தேயிலைத் தோட்டங்களில் இவ்வீடு பெரும்பாலும் லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டின் ஒரு காம்பராவே. இப்பிள்ளைகளுக்கான பெரிய சிகிச்சை மையம் பதுளை ஆஸ்பத்திரி.

வகைப்பாடு

பிறந்தபோது 2500 கிராமுக்குக் குறைந்த சிசு எடை குறைந்தது. 1500 கிராமுக்குக் குறைந்தது மிக எடை குறைந்தது. 1000 கிராமுக்குக் குறைந்தது அதிமிக எடை குறைந்தது. 37 வாரம் நிறையுமுன் பிறந்தது குறைமாதச் சிசு. 2500 கிராம் என்ற எல்லை, பின்லாந்துக் குழந்தை மருத்துவர் ஆர்வோ யுல்ப்போ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தது. எடைக்குறைவும் குறைமாதமும் ஒன்றல்ல. மாதம் நிறைந்தும் வயிற்றிலேயே வளர்ச்சி குன்றிப் பிறக்கும் பிள்ளைகளும் உண்டு. நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்று துறைகளில் எடை குறைந்த பிறப்பு தோட்டத் துறையிலேயே மிகுதி என்பதைத் தேசிய அளவீடுகள் காட்டிவந்துள்ளன. தலைமுறை தலைமுறையாகத் தொடரும் ஊட்டக்குறைவும், தாயின் இரத்தச்சோகையும், வயிற்றுப் பிள்ளையோடு சரிவில் ஏறிக் கொழுந்து எடுப்பதும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

வரலாறு

தோட்டத்துப் பிள்ளையின் உடல்நலம் இலங்கையில் முதலில் தொழிற்படைக் கணக்காகவே சட்டத்துக்குள் வந்தது. கோப்பித் தோட்டங்களுக்குக் கங்காணிமார் அழைத்துவந்த தமிழ்த் தொழிலாளர் நோயில் மடிந்ததால் ஆள் பற்றாக்குறையை அஞ்சிய குடியேற்ற அரசு, 1872இல் மருத்துவத் தேவைகள் சட்டத்தை இயற்றியது. கொழும்பில் 1879இல் டி சொய்சா பிரசவ இல்லம் திறக்கப்பட்டபோதும், மலையகத்தில் பிரசவம் லயத்திலேயே நடந்தது. பார்த்தவள் அனுபவமுள்ள கிழவி. கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தபின் வந்த 1912ஆம் ஆண்டின் சட்டம் மேலும் தெளிவாகப் பேசியது: தோட்டத்தில் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் இருப்பிடமும் தரவேண்டும், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உரிய கவனிப்பும் ஊட்டமும் கிடைப்பதைத் தோட்ட நிர்வாகியான துரை உறுதிசெய்ய வேண்டும். ஏட்டில் இருந்த இவ்வக்கறை, கொழுந்து நிறுக்கும் தராசைத் தாண்டிப் போகவில்லை.

1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, வீடுவீடாகச் செல்லும் மருத்துவிச்சியை நாட்டுக்குத் தந்தது. ஆயினும் தோட்டங்கள் நெடுங்காலம் அந்த வலைக்கு வெளியிலேயே நின்று, கம்பனி அமர்த்திய வைத்திய உதவியாளரையும் மருத்துவிச்சியையும் நம்பியிருந்தன. 1939இல் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது. தாய் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது பிள்ளையை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பரா தோட்ட வாழ்வின் நிலையான அங்கமாயிற்று. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது.

பராமரிப்பு முறை

ஹப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1400 மீற்றருக்கு மேல் உள்ளது. அந்த உயரத்துக் குளிரில் உடற்சூட்டைக் காப்பதே முதல் வேலை. கங்காரு முறை இதற்கு உகந்தது. கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் 1970களின் இறுதியில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கியது. தொப்பி, காலுறை, நெப்கினுடன் மட்டும் பிள்ளையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திச் சாய்த்து, தலையை ஒருபுறம் திருப்பி, மடித்த பழைய சேலையால் இறுக்கமாகக் கட்டுவர். தகப்பனும் பாட்டியும் மாறி மாறிக் கட்டிக்கொள்ளலாம். வயிறு சூடாக இருந்து பாதம் சில்லிட்டால் பிள்ளைக்குக் குளிர்கிறது. இரண்டும் சில்லிட்டால் ஆபத்து.

இத்தகைய சின்னப் பிள்ளை பசித்தாலும் அழாமல் இருக்கலாம். ஆகவே இரண்டு மூன்று மணிக்கொரு முறை எழுப்பித் தாய்ப்பால் தரவேண்டும். உறிஞ்ச வலுவில்லையெனில் பீச்சிய பாலைச் சிறு கோப்பையால் புகட்டலாம். தேன், சீனித் தண்ணீர் கூடாது. விறகடுப்புப் புகையும் சாம்பிராணியும் பிள்ளையின் நுரையீரலுக்குக் கேடு. ஒரே காம்பராவில் அடுப்பும் தொட்டிலும் இருக்குமிடத்தில் இதுவே கடினமான விதி. பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைப்பதும், தூக்குமுன் கை கழுவுவதும் மற்றைய விதிகள்.

அரச மருத்துவிச்சியான குடும்பநல மாது பிரசவத்துக்குப் பின் முதல் பத்து நாட்களில் இருமுறையும், பின்னர் 42ஆம் நாள் வரையில் மேலும் இருமுறையும் வீட்டுக்கு வருவது நாட்டு நடைமுறை. எடை, பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் குறிக்கப்படும். மிகக் குறைமாதத்தில் பிறந்தவற்றுக்கு விழித்திரைப் பரிசோதனை தவறக்கூடாது. தவறினால் பார்வை போகலாம். தடுப்பூசி, பிறந்த நாளிலிருந்து எண்ணியே போடப்படும்.

பால் குடிக்க மறுத்தல், நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குதல், வலிப்பு, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள், தொட்டாலும் அசையாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கொழுந்து லொறிக்குக் காத்திருந்த காலம் போய், இன்று 1990 என்ற இலக்கத்தில் கட்டணமில்லா அம்புலன்ஸ் உண்டு.

இன்றைய நிலை

பிரசவங்கள் ஏறத்தாழ அனைத்தும் ஆஸ்பத்திரியிலேயே நடக்கின்றன. பிள்ளைக்காம்பராக்கள் பல சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகியுள்ளன. பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் 2018 திருத்தத்தின்படி எத்தனையாவது பிள்ளையாயினும் தாய்க்கு 84 நாள் சம்பள விடுமுறை உண்டு. அது முழுவதையும் பிரசவத்துக்குப் பின்னரே எடுத்தாலும், 32ஆம் வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு, தாய் மலைக்குத் திரும்பும் நாளில், பிரசவத்துக்குக் கணித்த நாளிலிருந்து எண்ணினால் வயது 4 வாரமே.