உருக்கும் எழுத்தும்

மலாய் மண்ணில் வாழும் நம்மவருள் கிரிசைக் காணாதார் அரியர். அதன் அலகில் நீரலைபோல் ஓடும் வரிகள், தன்மையால் வேறுபட்ட உலோகத் தகடுகளை அடுக்கிக் காய்ச்சி, ஒன்றாக அடித்து இணைப்பதனால் உண்டாவன. ஆனால், தகடுகளை அடுக்காமலே, எஃகின் உள்ளிருந்தே வரிகள் எழும் வாள்களும் உலகில் இருந்தன. மேனாட்டார் அவற்றை 'டமாஸ்கஸ் வாள்' என்றனர். பெயர் சிரியா நாட்டு நகரத்தினது. அவற்றிற்குப் புகழ் தந்த எஃகோ தென்னிந்தியாவினின்றும் கப்பலேறியது!

சேலம் பகுதியில் இவ்வெஃகு செய்த முறையை ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1839-இல் எழுதி வைத்தார். இரும்புத் துண்டோடு ஆவாரங்கட்டையைச் சிறு மண் மூசையில் இட்டு, எருக்கிலையால் மூடி, வாயை மண்ணால் அடைத்து, உலையில் அடுக்கித் துருத்தியால் ஊதுவர். இரண்டரை மணி நேரத்தில் கட்டையின் கரிச்சத்து இரும்பில் ஏறி, அஃது உருகி எஃகாகும். நூற்றுக்கு ஏறத்தாழ 1.5 பங்கு கரி ஏறிய அவ்வெஃகு மிகக் கடியது. அதை வெண்சூட்டில் அடித்த ஐரோப்பியக் கொல்லரின் சம்மட்டியின்கீழ் அது நொறுங்கிப் போயிற்று. மங்கிய செஞ்சூட்டில், பொறுமையாக, பன்முறை காய்ச்சி அடித்தாலன்றி அது வாளாகாது. அடித்து முடித்துத் தேய்த்து, அமிலம் பூசிய பின்னரே வரிகள் வெளிப்படும்.

எந்தச் சூடு தகும் என்பதை நம் கொல்லன் நெருப்பின் நிறத்தாலே அறிந்தான். தந்தை கண்ணாற் காட்ட, மகன் கையாற் கற்றான். ஆனால், எழுத்தாணியை அடித்துக் கொடுத்தவன் கைக்குப் பெரும்பாலும் ஏடு எட்டவில்லை. ஒரு சாராருக்கு எழுத்தும், ஒரு சாராருக்குச் சம்மட்டியும் எனப் பிறப்பினால் வகுத்த சமுதாயம், சம்மட்டியின் அறிவை அறிவென்றே எண்ணவில்லை. மலிந்த அயல்நாட்டு இரும்பும், அடுப்புக்கரியின் அருமையும் 19-ஆம் நூற்றாண்டில் அவ்வுலைகளை அவித்தபோது, கையோடு கலையும் மறைந்தது.

மேனாட்டில் நிகழ்ந்தது யாது? ஆங்கிலப் பள்ளியில் படித்த நாம் மைக்கேல் பாரடேயை மின்சார மேதையென்றே அறிவோம். அவர் ஒரு கொல்லனின் மகன்; 1819-இல் நம் எஃகைப் பகுத்தாராய்ந்தவர் என்பதை நமக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்டோடர்ட் என்னும் கத்தித் தொழிலாளரோடு கூடி, 1820-இலும் 1822-இலும் அவர் எஃகுக் கலவைகளைப் பற்றிய சோதனைகளை வெளியிட்டார். நம் எஃகின் சிறப்புக்கு அதிலுள்ள மண்சத்துக்களே காரணமென அவர் முதலிற் கருதியது பிழை. ஆனால் அப்பிழை எழுதப்பட்டது. எழுதப்பட்டதனால், சில ஆண்டுகளுக்குள் பாரிஸ் நகரத்துப் பிரயான் அதனைத் திருத்தி, கரியே காரணமென்று காட்டினார்.

பின்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது. அமெரிக்காவில் பெண்ட்ரே என்னும் கொல்லரும் வெர்கோவன் என்னும் பேராசிரியரும் ஒன்றுசேர்ந்து, மூசையெஃகைத் தாமே உருக்கி, மீண்டும் மீண்டும் அடித்துப் பார்த்தனர். எஃகில் மிகச் சொற்பமாய்க் கலந்துள்ள வனேடியம் போன்ற பொருள்களே, காய்ச்சி அடிக்குந்தோறும் கரித்துகள்களை வரிசைப்படுத்தி வரியாக்குகின்றன என்று 1998-இல் வெளியிட்டனர். அங்கே சம்மட்டி பிடித்த கையும் எழுதுகோல் பிடித்த கையும் ஒரே உலையின் முன் நின்றன. நம்மிடம் அவை ஒருநாளும் ஒன்றாக நிற்கவில்லையே!

கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் மண்ணுக்குள்ளிருந்து மூசையின் சான்றுகள் கிடைத்துள்ளன. அவற்றைக் காட்டி, "எம் முன்னோர் பெரியோர்" என்று மார் தட்டுவது எளிது. ஆண்டுக்கொருநாள் கருவிகளுக்குச் சந்தனம் பூசிக் கும்பிடுவது அதனினும் எளிது. கும்பிட்ட கத்தியைச் செய்தவனைத் திண்ணைக்குக் கீழே நிறுத்திய நாம், எந்தப் பெருமையைப் பேசுவது?

ஆதலின், தோழர்களே, தொழில் செய்யும் கைக்கு எழுத்தைக் கொடுப்போம். எழுதும் கைக்குத் தொழிலைக் கற்பிப்போம். இன்று நம்மிடையே தச்சரும் கொல்லரும் பால் மரம் வெட்டுவோரும் கையால் அறிந்திருப்பனவற்றை, அவர்தம் மக்களேனும் எழுதி வைக்கட்டும். பிழையாக எழுதினும் குற்றமில்லை, பின்வருவோர் திருத்துவர். எழுதாது விட்டதைத் திருத்துவார் யார்?