நடுராத்திரி மணி அடித்த சத்திரங்கள்

போன வருஷம் ஒரு ராத்திரி, பதினொன்றரை மணிக்கு முதுகில் பையோடு மதுரை ஜங்ஷனில் இறங்கினேன். ரூம் எதுவும் புக் பண்ணவில்லை. ஸ்டேஷனைச் சுற்றித்தான் இத்தனை லாட்ஜ் இருக்கே என்ற தைரியம். முதல் லாட்ஜில், "சிங்கிளா சார்? சிங்கிளுக்குக் குடுக்கிறதில்லை" என்றார்கள். இரண்டாவதிலும் அதே பதில். மூன்றாவதில் ரூம் இருந்தது, ஆனால் வாடகை என் மொத்தப் பயணச் செலவில் பாதி. கடைசியில் கிடைத்த அறையின் படுக்கை விரிப்பைப் பற்றிப் பேச வேண்டாம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து விடிய விடிய விளக்கைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் டீ குடிக்க வந்தபோதுதான் ஸ்டேஷனுக்கு எதிரே மங்கம்மாள் சத்திரத்தை நிதானமாகப் பார்த்தேன். ராணி மங்கம்மாள் மதுரையை ஆண்டது 1689 முதல் 1706 வரை. மதுரைக்கு ரயில் வந்தது 1875-இல். ஸ்டேஷன் எதிரே சத்திரம் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் சத்திரத்துக்கு எதிரேதான் ஸ்டேஷன் வந்திருக்கிறது, சுமார் 170 வருஷம் கழித்து.

எல்லாச் சத்திரத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. பழைய கணக்கு கால்நடைக் கணக்கு. ராமேஸ்வரம் போகிறவர் பகலெல்லாம் நடந்து, பொழுது சாயும்போது ஒரு சத்திரத்தில் கட்டையைச் சாய்க்க வேண்டும். தஞ்சை மராட்டிய மன்னர்கள் அந்தச் சாலையில் வரிசையாகச் சத்திரங்கள் கட்டியது அதற்காகத்தான். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரம் அவற்றில் பெரியது. ஒரத்தநாட்டுக்கு ரயில் வரவே இல்லை. மக்கள் ரயிலேறி ராமேஸ்வரம் போக ஆரம்பித்த பிறகு அந்த வழியே நடக்க யார் இருக்கிறார்கள்?

இந்தச் சத்திரங்கள் எப்படி நடந்தன என்று தெரிந்துகொள்ள சரபோஜி 1801-இல் ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. 1799 ஒப்பந்தத்தில் நாட்டின் நிர்வாகம் கம்பெனி கைக்குப் போய்விட்டது. சத்திரங்களாவது என் பொறுப்பில் இருக்கட்டும் என்று கேட்கும் தொனியில் எழுதியிருக்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை வருகிற வழிப்போக்கர் எல்லோருக்கும் சாப்பாடு உண்டு என்கிறார். சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியாகக் கொடுத்துவிடுவார்களாம். நோயில் படுத்தவருக்கு வைத்தியம், வழியில் பிரசவ வலி கண்டவளுக்குக் கவனிப்பு, அநாதைப் பிள்ளைகளுக்குப் படிப்பு. என்னை நிறுத்திய இடம் வேறு. நடுராத்திரியில் ஒரு மணி அடிப்பார்களாம்: இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வாங்க என்று. பதினொன்றரைக்கு வந்து இறங்கியவனுக்கு இதைப் படித்தால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

சும்மா பழம்பெருமை பேசிவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. எல்லோருக்கும் சோறு உண்டு என்றுதான் கடிதம் சொல்கிறது. எல்லோரும் ஒரே திண்ணையில் படுத்தார்கள் என்று சொல்லவில்லை. காசிக்குப் போன இளைஞர் ஈ.வெ. ராமசாமியை 1904-இல் ஒரு சத்திரத்துப் பந்தியிலிருந்து வெளியே தள்ளினார்கள், பிராமணர் இல்லை என்பதற்காக. அதைக் கட்டிக்கொடுத்தவர் பிராமணரல்லாத ஒரு வணிகர் என்பதையும் அவர் வாழ்க்கை வரலாறுகள் தவறாமல் குறிப்பிடுகின்றன. ரயில் வந்ததும் இதெல்லாம் மாறிவிட்டதா? பெட்டியில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்கள்கூட, ஸ்டேஷன் சாப்பாட்டு அறைக்குப் போனால் 'பிராமணாள்', 'இதராள்' என்று தனித்தனியாகப் பிரிய வேண்டியிருந்தது. தென்னிந்திய ரயில்வேயில் அந்தப் பிரிவினை ஒழிந்தது 1941-இல்தான், அதுவும் போராட்டத்துக்குப் பிறகு.

ரயிலை நம்பியே பிறந்த சத்திரங்களும் உண்டு. சென்னை சென்ட்ரல் எதிரே இருக்கும் ராமசாமி முதலியார் சத்திரம் அப்படிப்பட்டது. சவலை ராமசாமி முதலியார் என்ற வணிகர், ஊரிலிருந்து வந்து இறங்குகிறவர் தங்கட்டும் என்று கட்டினார். அதே வட்டாரத்தில் சித்திக் சராய் இருக்கிறது. சராய் என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல், வழிப்போக்கர் விடுதி என்றே பொருள். லாட்ஜ் என்ற தொழில் வளர வளரத் தர்மமாக இருந்தது வாடகையாகிவிட்டது. அதில் தப்பில்லை, வாடகை கொடுக்க நான் தயார்தான். வாடகை கொடுக்கிறேன் என்றாலும் தனியாள் என்றால் சந்தேகம், அதுதான் புரியவில்லை. தனியாகப் பயணம் போகும் பெண்களைக் கேட்டால் இதைவிட நீளமான கதை சொல்வார்கள்.

இப்போது நான் நம்புவது ரயில்வேயின் ரிடையரிங் ரூமைத்தான். உறுதியான டிக்கெட்டோ ஆர்.ஏ.சி.யோ இருந்தால் பி.என்.ஆர். எண்ணைப் போட்டு ஆன்லைனிலேயே புக் பண்ணலாம். பெரிய ஸ்டேஷன்களில் டார்மிட்டரியில் ஒரு கட்டில் மட்டும் கிடைக்கும். தனியாளா, ஜோடியா என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த தடவை அப்படித்தான் போனேன். ராத்திரி முழுக்க அறிவிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்துக் கட்டில் பெரியவர் ராமேஸ்வரம் போகிறவர். அதிகாலையில் கிளம்பும்போது என்னைத் தட்டி எழுப்பி, "தம்பி, சாப்பிட்டீங்களா? ரெண்டு இட்லி மிச்சமிருக்கு" என்றார்.